'என்கிற': மின்னஞ்சல் மாற்றுப்பெயர்களின் வரலாறு

1

காவல்நிலையத்து முதல் தகவல் அறிக்கையிலும் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் அடிக்கடி கண்ணில் படும் எழுத்து ஒன்றுண்டு: அடைப்புக்குறிக்குள் போடப்படும் 'எ'. 'என்கிற' என்பதன் சுருக்கம். சுவரொட்டியில் அது ஊருக்கு உதவி செய்கிறது. ரேஷன் அட்டையில் உள்ள பெயரைச் சொன்னால் பக்கத்துத் தெருக்காரருக்கே விளங்காது. கூப்பிடு பெயரையும் சேர்த்துப் போட்டால்தான் 'அட, அவரா!' என்பார். காவல்நிலையத்தில் அதே எழுத்துக்கு வேலை வேறு. எத்தனை பெயரில் உலவினாலும் ஆள் ஒருத்தன்தான் என்று முடிச்சுப் போட்டு வைக்கிறது. பெயரையும் ஆளையும் சேர்த்துக் கட்டிய பட்டியல் இரண்டு இடத்திலுமே இருக்கிறது. ஒன்று ஊரின் ஞாபகத்தில், மற்றது அரசின் பதிவேட்டில்.

எழுதுகிறவர்களுக்கும் இயக்கங்களில் இருப்பவர்களுக்கும் இது புதிய சங்கதி அல்ல. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தனாக அறியப்பட்டதும், பிரமிள் தன் பெயரைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டு எழுதியதும் நமக்குத் தெரியும். சிறுபத்திரிகைகளில் ஒரே ஆள் இரண்டு மூன்று பெயர்களில் எழுதி இதழை நிரப்பியதும் உண்டு. எந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்கிற பட்டியல் பெரும்பாலும் ஆசிரியரின் தலைக்குள் இருந்தது. யாராவது வந்து கேட்டால் 'தெரியாது சார், தபாலில் வந்தது' என்று சொல்வதற்கு ஒரு வாய்ப்பாவது இருந்தது.

இன்று கவிதை அனுப்புவதும் கண்டன அறிக்கைக்குக் கையெழுத்துக் கேட்பதும் உண்மை அறியும் குழுவின் அறிக்கையைச் சுற்றுக்கு விடுவதும் பெருமளவு மின்னஞ்சலில்தான் நடக்கின்றன. அங்கேயும் மாற்றுப்பெயர்கள் உண்டு. புள்ளி வைத்த பெயர், கூட்டல் குறி போட்ட பெயர், பதவிப் பெயர், எண்ணாலான பெயர் என்று விதவிதமாக உண்டு. இவற்றை வெறும் தொழில்நுட்ப வசதிகளாகச் சொல்லிக் கொடுக்கும் கையேடுகளுக்குக் குறைவில்லை. அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, யார் கேட்டால் கொடுக்கப்படுகிறது என்கிற கேள்வியோடு இந்த வரலாற்றை வாசிக்க முயல்கிறது இக்கட்டுரை.

2

1971இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பிபிஎன் என்ற நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்த ரே டாம்லின்சன், ஒரே அறையில் அருகருகே இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையே ஆர்பாநெட் வலைப்பின்னல் வழியாக ஒரு செய்தியை அனுப்பினார். அதுவரை ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்பவர்கள் ஒருவருக்கொருவர் குறிப்பு விட்டுக்கொள்ள முடிந்தது. வேறு கணினியில் இருக்கிறவருக்கு அனுப்ப இயலாது. ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி வேண்டியிருந்தது. ஆட்களின் பெயரில் வராத குறியாகப் பார்த்து @ என்பதை எடுத்தார். எல்லோருக்கும் அது ஒத்துவந்தது என்றும் சொல்ல முடியாது. மல்டிக்ஸ் என்ற அமைப்பில் @ என்றால் 'இந்த வரியை அழித்துவிடு' என்று அர்த்தம். அந்தக் கணினியில் உட்கார்ந்து முகவரி அடித்தால் அடித்த வரி காணாமல் போகும்.

இதே காலத்தையொட்டி வேறொரு வழக்கமும் இருந்தது. 1970களின் இறுதியில் யூனிக்ஸ் கணினிகள் தொலைபேசி வழியாக ஒன்றையொன்று அழைத்து அஞ்சலைக் கைமாற்றின. அங்கே முகவரி என்பது வழி. முதலில் இந்தக் கணினி, அங்கிருந்து அந்தக் கணினி, அதன்பின் இன்னொன்று, கடைசியில் ஆள், நடுவே ஆச்சரியக்குறிகள். நம் ஊரில் வழி சொல்கிற மாதிரிதான். 'பிள்ளையார் கோயில் தாண்டி, ரைஸ்மில் சந்துல திரும்பி, மூணாவது வீடு.' கிழக்கேயிருந்து வருகிறவருக்குச் சொல்லும் வழி மேற்கேயிருந்து வருகிறவருக்கு உதவாது. ஆகவே ஒரே ஆளுக்கு நிரந்தரமான ஒற்றை முகவரி என்று எதுவும் கிடையாது. கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து முகவரி மாறும். இந்த வழிகளைக் கணக்கிட்டுச் சொல்வதற்கென்றே ஸ்டீவ் பெல்லோவினும் பீட்டர் ஹனிமனும் 1980களில் எழுதிய நிரலுக்குப் 'பாத்ஏலியாஸ்' என்று பெயர்.

ஜெயித்தது @தான். வழி சொல்லும் முகவரியில் நடுவில் ஒரு கணினி நின்றுபோனால் அஞ்சலும் நின்றுபோகும், வழி தெரியாதவர்களுக்கு எழுதவே முடியாது. அதன் தோல்விக்குக் காரணங்கள் நியாயமானவையே. ஆனால் வென்ற முறையோடு கூடவே ஓர் உறவும் நிலைபெற்றது. இனி ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவரின் இடத்தில் குடியிருக்க வேண்டும். @க்கு இடப்பக்கம் குடியிருப்பவர், வலப்பக்கம் வீட்டுக்காரர்.

இந்த உறவு பின்னர் விதியாகவே எழுதப்பட்டது. இணையத்தின் நடைமுறைகள் 'ஆர்எஃப்சி' எனப்படும் எண்ணிட்ட ஆவணங்களில் வகுக்கப்படுகின்றன. அஞ்சல் பரிமாற்றம் குறித்து 2008இல் வெளியான 5321ஆம் ஆவணம், @க்கு இடப்பக்கத்தில் இருப்பதற்கு என்ன பொருள் என்பதை வலப்பக்கத்தில் உள்ள கணினி மட்டுமே தீர்மானிக்கலாம் என்கிறது. இடையில் நிற்கும் யாரும் அதை வாசித்து அர்த்தம் பண்ணக்கூடாது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா வேறா, புள்ளி கணக்கில் வருமா, கூட்டல் குறிக்குப் பின்னால் வருவது பெயரின் பகுதியா இல்லையா — எல்லாமே வீட்டுக்காரரின் இஷ்டம். மின்னஞ்சல் மாற்றுப்பெயர்களின் விதவிதமான வழக்கங்கள் இந்த ஒரு விதியிலிருந்துதான் கிளைக்கின்றன.

போலீஸ்காரன் தெருவில் 'ஏய்!' என்று கூப்பிட்டதும் திரும்புகிறவன் அந்தத் திரும்பலிலேயே அதிகாரத்தின் தன்னிலை ஆகிறான் என்று அல்தூசர் 1970இல் எழுதினார். மின்னஞ்சலில் நேரடியாக யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு 'உங்க வீட்டுல இந்தப் பேர்ல யாராவது இருக்காங்களா?' என்று கேட்கிறார்கள். திரும்ப வேண்டியது யார் என்பதை அவர் தன் கோப்பைப் பார்த்துச் சொல்கிறார்.

3

அந்தக் கோப்புக்கு ஒரு பெயரும் உண்டு: 'ஏலியாசஸ்'. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதி, 1983இல் பெர்க்லி யூனிக்ஸின் 4.2ஆம் பதிப்போடு பரவிய 'செண்ட்மெயில்' என்ற நிரல், அஞ்சலைக் கொண்டுசேர்ப்பதற்கு முன் இந்தக் கோப்பைப் புரட்டிப் பார்க்கும். சாதாரண எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் ஒரு பெயர், முக்காற்புள்ளி, வலப்பக்கம் அது யாருக்குப் போக வேண்டும் என்பது. வலப்பக்கத்தில் ஓர் ஆள் இருக்கலாம், நூறு ஆட்கள் இருக்கலாம், இன்னொரு மாற்றுப்பெயர் இருக்கலாம், ஆளே இல்லாமல் ஒரு நிரல்கூட இருக்கலாம். ஒரு பெயருக்கு ஒரு மனிதர் என்ற நம்முடைய பழக்கப்பட்ட எண்ணத்தை அந்தக் கோப்பு மிகச் சாதாரணமாகக் கலைத்துப் போடுகிறது. வெளியிலிருந்து எழுதுகிறவருக்கு இதில் எதுவும் தெரியாது. கோப்பைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமையுள்ளவர் கணினியின் நிர்வாகி மட்டுமே.

இந்த அமைப்பில் மிகப் பழைய மாற்றுப்பெயர் 'போஸ்ட்மாஸ்டர்'. டேவிட் க்ராக்கர் எழுதி 1982 ஆகஸ்டில் வெளிவந்த ஆர்எஃப்சி 822, அஞ்சல் வாங்கும் ஒவ்வோர் இடத்திலும் இந்தப் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று விதித்தது. அஞ்சல் தொலைந்துபோனால் புகார் சொல்ல ஒருத்தர் வேண்டும். அவர் யார் என்பது முக்கியமல்ல. 1997இல் வெளியான 2142ஆம் ஆவணம் இதை விரித்து, 'அப்யூஸ்', 'வெப்மாஸ்டர்', 'இன்ஃபோ' என்று வேலைக்கொரு பெயராக வரையறுத்தது. அரசு அலுவலகங்களும் இதையே பின்பற்றுகின்றன. மாவட்ட ஆட்சியருக்கு மனு அனுப்பும் முகவரி ஆட்சியராக இருக்கிற மனிதரின் பெயரில் இருப்பதில்லை. ஆள் மாறுவார், நாற்காலி மாறாது, முகவரியும் மாறாது. அந்த அஞ்சலைத் திறப்பவர் ஆட்சியரா, நேர்முக உதவியாளரா, தட்டச்சரா என்பது அனுப்புகிறவருக்குத் தெரிவதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதிகாரத்தின் மாற்றுப்பெயருக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. அது கட்டாயமே ஆக்கப்பட்டிருக்கிறது. 'பதில் அனுப்ப வேண்டாம்' என்ற பெயரிலிருந்து வங்கி எழுதினால் அது நடைமுறை. அதே வங்கிக்கு நாம் ஒரு மாற்றுப்பெயரிலிருந்து எழுதினால் அது சந்தேகம். மறைந்துகொண்டு பேசும் உரிமை மேலேயிருந்து கீழே பேசும்போது வசதியாகவும், கீழேயிருந்து மேலே பேசும்போது குற்றமாகவும் வாசிக்கப்படுகிறது.

4

தனியாட்களுக்குக் கிடைத்த மாற்றுப்பெயர்களில் எளிமையானது கூட்டல் குறி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980களில் இயங்கிய 'ஆண்ட்ரூ' அஞ்சல் அமைப்பில் இது வழக்கில் இருந்தது. பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு எதை எழுதினாலும் அஞ்சல் அதே பெட்டிக்கு வரும். கயல் என்ற பெயரில் பெட்டி வைத்திருப்பவர் சந்தா கட்டும்போது 'கயல்+சந்தா' என்றும் ரயில் பயணச்சீட்டுக்குக் 'கயல்+ரயில்' என்றும் கொடுக்கலாம். டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய 'க்யூமெயில்' இதற்குச் சிறுகோட்டைப் பயன்படுத்தியது. யாகூவும் சிறுகோட்டையே எடுத்துக்கொண்டது. 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய ஜிமெயில் கூட்டல் குறியை எடுத்துக்கொண்டது.

இதன் பயன் அஞ்சலைத் தரம் பிரிப்பதோடு நிற்பதில்லை. 'கயல்+ரயில்' என்ற முகவரிக்கு ஒரு நகைக்கடையின் விளம்பரம் வந்தால், முகவரியை விற்றது யார் என்று தெரிந்துவிடும். நம்மைப் பற்றிப் பட்டியல் போடுகிறவர்களைப் பற்றி நாமும் ஒரு குட்டிப் பட்டியல் வைத்துக்கொள்ள இந்தக் குறி வழி செய்கிறது. கூட்டல் குறி உள்ள முகவரியை ஏற்க மறுத்து, 'சரியான முகவரியைத் தரவும்' என்று சிவப்பில் எழுதிக் காட்டும் படிவங்கள் நிறைய உண்டு. அஞ்சல் விதிகளின்படி கூட்டல் குறி முழுக்கச் சரியானது. படிவம் எழுதியவருக்கு விதி தெரியவில்லையா, தெரிந்தே மறுக்கிறாரா என்பது படிவத்துக்குப் படிவம் மாறுபடும்.

ஜிமெயிலில் இன்னொரு வழக்கம்: இடப்பக்கத்தில் வைக்கப்படும் புள்ளிகள் கணக்கில் வராது. பத்து எழுத்துப் பெயரில் எழுத்துகளுக்கு நடுவே 9 இடங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் புள்ளி வைக்கலாம், வைக்காமலும் விடலாம். ஆக 512 வடிவங்கள். அத்தனையும் ஒரே பெட்டிக்குத்தான் வரும். இதே ஜிமெயிலை ஒரு நிறுவனமோ கல்லூரியோ தன் சொந்த டொமைனில் வைத்து நடத்தினால் அங்கே புள்ளி கணக்கில் வரும். சட்டத்தால் உருவான மாற்றுப்பெயரும் உண்டு. வணிகப்பெயர் வழக்குகளின் காரணமாக ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சில ஆண்டுகள் 'கூகுள்மெயில்' என்ற பெயரில்தான் முகவரி தரப்பட்டது. பிரிட்டனில் 2010 வரையும் ஜெர்மனியில் 2012 வரையும் அது நீடித்தது. இரண்டு பெயரிலும் எழுதினால் அஞ்சல் ஒரே பெட்டிக்கு வரும்.

இப்போது கேள்வி இப்படித் திரும்புகிறது: இரண்டு பெயர்கள் ஒன்றா வேறா என்பதை யார் முடிவு செய்வது? கூகுளுக்கு 512 வடிவங்களும் ஒரே ஆள். ஓர் இணையக் கடைக்கு அவை 512 வாடிக்கையாளர்கள். கடைக்கு வீட்டுக்காரரின் வழக்கம் தெரியாது, தெரிந்து அர்த்தம் பண்ணவும் விதி இடம் தரவில்லை. இந்த இடைவெளிக்குள்தான் ஏமாற்று வேலைகளும் நடக்கின்றன. ஒருவர் புள்ளியை இடம் மாற்றிப் பத்துக் கணக்குகள் தொடங்கிப் பத்து முறை 'முதல் மாதம் இலவசம்' வாங்கிக்கொள்வார். இன்னொருவர் அடுத்தவரின் முகவரியில் புள்ளி மாற்றிக் கணக்குத் தொடங்குவார். பணம் கட்டச் சொல்லும் கடிதம் உண்மையான பெட்டிக்காரருக்குப் போகும், அவர் தன் கணக்கென்று நினைத்துக் கட்டினாலும் கட்டிவிடுவார்.

விளம்பரத் தொழில் இந்த இடைவெளியைத் தன் வழியில் அடைத்தது. இணைய உலாவிகளின் 'குக்கி'கள் செல்வாக்கிழக்கத் தொடங்கியதும், ஆளைத் தளத்துக்குத் தளம் பின்தொடர மின்னஞ்சல் முகவரியே கைக்கு வசதியான அடையாளமானது. 'தி ட்ரேட் டெஸ்க்' என்ற அமெரிக்க நிறுவனம் 2020களில் முன்வைத்த 'யூனிஃபைட் ஐடி 2.0' என்ற முறையின் ஆவணங்களில் ஒரு சலவைப் பட்டியல் உண்டு. முகவரியைச் சின்ன எழுத்தாக்கு. ஜிமெயில் முகவரியாக இருந்தால் புள்ளிகளை நீக்கு. கூட்டல் குறியையும் அதற்குப் பின்னால் வருவதையும் வெட்டு. மிஞ்சியதை மறைகுறியாக்கி அடையாளமாக வைத்துக்கொள். வலப்பக்கத்துக்காரர் மட்டுமே அர்த்தம் பண்ணலாம் என்ற விதி அஞ்சலைக் கடத்துகிறவர்களுக்குத்தானே ஒழிய, ஆளைத் தேடுகிறவர்களுக்கு அல்ல. யார் நம்மை விற்றார் என்று அறிவதற்காக நாம் ஒட்டிவைத்த சின்னக் குறிப்பு அங்கே வெட்டப்பட்டுக் 'கயல்' மட்டும் மிஞ்சுகிறார்.

5

இந்த வடிவ வேறுபாடுகளின் வரலாற்றில் தமிழ்ப் பெயர்களுக்குத் தனிப் பங்கு உண்டு. தமிழில் பெயர் உள்ள ஒருவர் மின்னஞ்சல் முகவரி வாங்கப் போனால், வாங்குவதற்கு முன்பே அவருக்கு ஒரு மாற்றுப்பெயர் விழுந்துவிடுகிறது: ரோமன் எழுத்துப் பெயர். எழிலரசி என்ற பெயரின் ழகரத்துக்கு ஒருவர் இரண்டு எழுத்து போடுவார், இன்னொருவர் 'எல்' ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். செந்திலின் தகரத்தைச் சென்னையில் ஒரு மாதிரியும் யாழ்ப்பாணத்தில் வேறு மாதிரியும் எழுதுவார்கள். கூகுளுக்குப் புள்ளி கணக்கில் வராது. இந்த வேறுபாடு கணக்கில் வரும். ஓர் எழுத்துப் பிசகினால் கடிதம் வேறொரு செந்திலுக்குப் போய்ச் சேரும். தலைப்பெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கத்துக்கும் 'முதல் பெயர், கடைசிப் பெயர்' கேட்கும் படிவத்துக்கும் உள்ள தகராறு வேறு. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, தன்னையே ஓர் 'என்கிற' ஆக்கிக்கொண்டுதான் பலரும் உள்ளே நுழைந்திருக்கிறார்கள்.

முகவரியை எந்த எழுத்திலும் எழுதலாம் என்பதற்கான முதல் சோதனை விதிகள் 2008இல் வந்தன. அவற்றில் ஒரு ஏற்பாடு இருந்தது: ரோமன் அல்லாத முகவரியோடு ஒரு ரோமன் மாற்று முகவரியையும் சேர்த்தனுப்பலாம்; வழியில் ஏதேனும் ஒரு கணினிக்குப் புரியாவிட்டால் அந்த மாற்றைப் பயன்படுத்திக்கொள்ளும். நடைமுறையில் இது சிக்கலைப் பெருக்கியதால் 2012இல் நிலைபெற்ற விதிகளில் கைவிடப்பட்டது. 2014இல் ஜிமெயில் இத்தகைய முகவரிகளை ஏற்கத் தொடங்கியது. இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகிய பெயர்கள் தமிழ் எழுத்திலேயே உயர்நிலை டொமைன்களாக 2010-11இல் பதிவாகிவிட்டன. அதாவது, விதியைப் பொறுத்தவரை முழுத் தமிழ் முகவரிக்குத் தடையில்லை. வழக்கத்தைப் பொறுத்தவரை, தமிழ் முகவரி உள்ளவரும் கையில் ஒரு ரோமன் முகவரியை வைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டியிருக்கிறது. விதியிலிருந்து நீக்கப்பட்ட மாற்றுப்பெயர் வாழ்க்கையிலிருந்து நீங்கவில்லை.

எழுத்து மாறினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. 'கௌரி' என்று சரியாகவும் எழுதலாம்; ஔகாரக் குறிக்குப் பதில் ளகரத்தைப் போட்டு 'கெளரி' என்றும் எழுதலாம். கண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு பெயர்கள். தமிழ் எண் ஒன்றும் ககரமும், தமிழ் எண் ஏழும் எகரமும் பார்வைக்கு ஒன்றையொன்று ஒத்தவை. ஜிமெயிலின் புள்ளியைப் போல இவற்றை ஒன்றாகக் கொள்வதா வேறாகக் கொள்வதா என்பதையும் வலப்பக்கத்துக்காரரே தீர்மானிப்பார். அவர் தமிழ் அறிந்தவராக இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம்.

6

இதுவரை பார்த்த மாற்றுப்பெயர்கள் எதுவும் ஆளை மறைப்பதற்கானவை அல்ல. அதற்கென்றே நடத்தப்பட்டவற்றுள் பெயர்பெற்றது ஃபின்லாந்தில் இருந்த 'அனான்.பெனெட்'. 1993 வாக்கில் ஜோஹன் ஹெல்சிங்கியஸ் என்பவர் தனியாளாக நடத்தத் தொடங்கிய சேவை அது. அதன் வழியாக ஒரு செய்தி அனுப்பினால், அனுப்பியவரின் முகவரியை நீக்கிவிட்டு 'ஏஎன்' என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணைக் கொடுத்து அதைப் பெயராகப் போட்டு அனுப்பும். அந்த எண்ணுக்குப் பதில் எழுதினால் உண்மையான பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பதில் எழுதுகிறவருக்கும் தானாகவே ஓர் எண் விழும்; இரண்டு பக்கமும் முகமூடி. சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், குடியிலிருந்து மீள முயல்பவர்கள், தங்கள் பாலியல் விருப்பை வெளியே சொல்ல முடியாதவர்கள் என்று, சொந்தப் பெயரில் பேசினால் வாழ்க்கை கெடும் என்றிருந்த பலருக்கு அது பேசுவதற்கான இடமாக இருந்தது. வம்பர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். மூடுவதற்குள் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் எண் பெற்றிருந்தார்கள்.

அந்த ஐந்து லட்சம் பேரின் பாதுகாப்பும் ஒரே ஒரு பட்டியலில் இருந்தது. எந்த எண்ணுக்குப் பின்னால் எந்த முகவரி என்பதைச் சேவையின் கணினி வைத்திருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பதிலைக் கொண்டுசேர்க்க முடியாது. 1995 பிப்ரவரியில் அமெரிக்காவின் சயன்டாலஜி சபை, தன் உள் ஆவணங்கள் இந்தச் சேவை வழியாக வெளியிடப்பட்டதாகப் புகார் செய்ய, ஃபின்லாந்துக் காவல்துறை உத்தரவோடு வந்தது. பட்டியல் முழுவதையும் எடுத்துப்போகும் நிலை வரக்கூடாது என்பதற்காக ஹெல்சிங்கியஸ் கேட்கப்பட்ட அந்த ஓர் எண்ணுக்குரிய முகவரியை மட்டும் கொடுத்தார். அது கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் படித்து முடித்தவர்களுக்கான முகவரிகளில் ஒன்று. ஒரு பட்டியல் தீர்ந்த இடத்தில் அடுத்த பட்டியல் தொடங்கியது.

1996 ஆகஸ்டில் அதே சபையின் இன்னொரு புகாரில், எண்களுக்குரிய முகவரிகளைத் தர வேண்டும் என்று ஹெல்சிங்கி நீதிமன்றம் ஆணையிட்டது. தபாலில் வரும் கடிதத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு மின்னஞ்சலுக்கு உண்டா என்பது அப்போது அங்கே தெளிவாக இல்லை. அதே நாட்களில் லண்டனின் 'அப்சர்வர்' இதழ் இந்தச் சேவையைக் குழந்தைகளின் ஆபாசப் படங்களோடு இணைத்து எழுதியது. படங்கள் அனுப்ப முடியாதபடி ஹெல்சிங்கியஸ் ஏற்கெனவே கட்டுப்படுத்தியிருந்தார். ஹெல்சிங்கிக் காவல்துறையும் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் காணவில்லை. ஆனாலும் அவதூறு தன் வேலையைச் செய்தது. 1996 ஆகஸ்டு முடியும்போது அவர் சேவையை மூடிவிட்டார்.

ஹெல்சிங்கியஸ் நேர்மையான மனிதர். அவர் காட்டிக்கொடுத்ததால் அது வீழவில்லை. பட்டியல் என்று ஒன்று இருந்ததால் வீழ்ந்தது. இருப்பதைக் கேட்பார்கள், சட்டத்தோடு வந்து கேட்டால் நல்லவரும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த ஆபத்தை முன்னரே யோசித்தவர்கள் இருந்தார்கள். டேவிட் சோம் 1981இல் எழுதிய கட்டுரையொன்று, கடிதத்தை உறைக்குள் உறையாகப் பல பேர் கைமாற்றி அனுப்பும் முறையை முன்வைத்தது. ஒவ்வொருவரும் தன் உறையைப் பிரித்து அடுத்தவர் யார் என்று மட்டும் அறிவார். அனுப்பியவரையும் பெறுபவரையும் சேர்த்து அறிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். 1992இலிருந்து 'சைஃபர்பங்க்' குழுவினர் இந்த வழியில் அஞ்சல் கடத்தும் நிரல்களை எழுதி நடத்தினார்கள். 1996இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தினர் தொடங்கிய 'நிம்.ஏலியாஸ்.நெட்' புனைபெயரில் பெட்டி தந்தது. ஆனால் பெயருக்குரியவரின் முகவரி அதனிடமே இல்லை. மூடிய உறை ஒன்றுதான் இருந்தது. கேட்டால் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத நிலை. இதற்கு ஒரு விலையும் இருந்தது: பயன்படுத்துவது கடினம், பதில் வரத் தாமதமாகும், வழியில் ஒருவர் கடையை மூடினால் கடிதம் தொலையும். சாதாரண ஆட்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

7

இன்றைய மாற்றுப்பெயர்ச் சேவைகள் பெனெட்டின் வாரிசுகள். ஆப்பிள் நிறுவனம் 2019இலும் பின்பு 2021இல் விரிவாகவும் 'ஹைட் மை ஈமெயில்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மொஸில்லாவின் 'ஃபயர்ஃபாக்ஸ் ரிலே', 'டக்டக்கோ' நிறுவனத்தின் சேவை ஆகியவை அதை ஒட்டி வந்தன. கடைக்கு ஒரு முகவரி, செயலிக்கு ஒரு முகவரி என்று புதிது புதிதாகத் தருகின்றன. புள்ளியையும் கூட்டல் குறியையும் போல இவற்றைச் சலவை செய்துவிட முடியாது. ஒன்றுக்கொன்று எந்த ஒற்றுமையும் இல்லாத எழுத்துக் கோவைகள். விளம்பரக்காரர்களிடமிருந்து இவை நன்றாகவே காப்பாற்றும். அரசிடமிருந்து காப்பாற்றுமா என்றால், பட்டியல் நிறுவனத்திடம் இருக்கிறது.

2024 மே மாதத்தில் வெளியான செய்தி ஒன்றைப் பார்க்கலாம். காட்டலோனிய சுதந்திர இயக்கத்தைச் சேர்ந்த, புனைபெயரில் இயங்கிய ஒருவரை ஸ்பெயின் காவல்துறை தேடியது. 'வயர்' என்ற செய்திச் சேவையிடம் சுவிஸ் அரசின் வழியாகக் கேட்டது. கணக்குத் தொடங்கும்போது கொடுத்த புரோட்டான் முகவரி கிடைத்தது. புரோட்டானிடம் கேட்டது. கடிதங்களின் உள்ளடக்கம் பூட்டப்பட்டிருந்தது. ஆனால் கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்கென்று கொடுத்திருந்த இன்னொரு முகவரி கிடைத்தது. அது ஆப்பிளுடையது. ஆப்பிளிடம் கேட்டது, பெயரும் வீட்டு முகவரியும் கிடைத்தன. 1995இல் ஹெல்சிங்கியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போன அதே பாதை. மறைகுறியாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று 'இந்தப் பெயர் என்கிற ஆள் யார்?' என்று கேட்டுக்கொண்டே போனார்கள், அவ்வளவுதான்.

பட்டியலை வைத்திருப்பதையே சட்டமாக்கும் போக்கும் வந்துவிட்டது. இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, விபிஎன் சேவைகள் தங்கள் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. அது மின்னஞ்சல் பற்றிய ஆணை அல்ல. ஆனால் அதன் தர்க்கம் இங்கே பேசியதோடு நேரடியாகச் சேர்கிறது. தன்னிடம் பட்டியல் இல்லை என்று சொல்லும் உரிமை அங்கே மறுக்கப்படுகிறது.

இதற்கெல்லாம் மாற்று, சொந்த டொமைன் வாங்கிக்கொண்டு நமக்கு நாமே வீட்டுக்காரராவது என்று தோழர்கள் சிலர் சொல்வதுண்டு. ஓரளவு சரி. ஏலியாசஸ் கோப்பு நம் கைக்கு வரும், எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், சேவையை மாற்றினாலும் முகவரி மாறாது. ஆனால் டொமைனைப் பதிவு செய்பவரிடம் பெயரும் முகவரியும் கொடுத்துத்தான் ஆகணும். சொந்த வீடு கட்டினாலும் பட்டா ஒருத்தர்கிட்டதான் வாங்கணும். தவிர, ஐந்து பேர் மட்டும் இருக்கிற டொமைனில் மறைந்துகொள்வது கடினம். கோடிப் பேர் இருக்கிற ஜிமெயிலில் ஒரு பெயர் ஒரு பெயர்தான்.

ஆகவே எந்த மாற்றுப்பெயர் என்பதை யாரிடமிருந்து என்ற கேள்வியோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். குப்பை அஞ்சலிலிருந்து தப்பக் கூட்டல் குறி போதும். விளம்பர நிறுவனங்களிலிருந்து தப்பத் தொடர்பற்ற முகவரிகள் வேண்டும். வழக்குப் போடக்கூடியவர்களிடமிருந்து என்றால், அந்தப் பெயரின் பட்டியல் எந்த நாட்டில், எவ்வளவு காலம், எந்த மீட்பு முகவரியோடு, எந்தத் தொலைபேசி எண்ணோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். காட்டலோனியரைக் காட்டிக்கொடுத்தது அவர் சூடிக்கொண்ட பெயர் அல்ல, என்றோ ஒருநாள் படிவத்தில் நிரப்பிய மீட்பு முகவரி.

நம் பக்கத்துக் கடமை ஒன்றும் இருக்கிறது. சிறுபத்திரிகைகளும் உண்மை அறியும் குழுக்களும் புனைபெயரில் எழுதுகிறவர்களிடமிருந்தும், சாட்சி சொல்லப் பயப்படுகிறவர்களிடமிருந்தும் மின்னஞ்சலில் பிரதிகள் வாங்குகின்றன. வாங்கிய பிறகு அந்தக் கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் பெட்டியிலேயே கிடக்கின்றன. அனுப்பியவரின் சொந்த முகவரியும் அச்சில் வந்த புனைபெயரும் ஒரே கடிதத்தில் பக்கம் பக்கமாக. முன்பு ஆசிரியரின் தலைக்குள் இருந்த பட்டியலை இப்போது நாமே எழுதி, வேறொருவரின் வீட்டில் வைத்திருக்கிறோம். இதழ் வெளிவந்ததும் எதை வைத்திருப்பது, எதை அழிப்பது, எதைக் காகிதத்தில் மட்டும் வாங்குவது என்று ஒவ்வொரு ஆசிரியர் குழுவும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வரலாம். வீட்டுக்காரரின் கணினியில் பிரதிகள் சில காலம் தங்கக்கூடும் என்பதால், அழித்தாலும் எல்லாம் அழியாது. ஆனால் நம் பெட்டியில் இல்லாததை நம்மிடம் கேட்டு வாங்க முடியாது.